அம்மா பசியாறிய மாவு

மகனே,

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். என் மௌனத்துக்கு நீங்கள் எல்லோரும் உங்களுக்கு வசதியான அர்த்தம் வைத்துக்கொண்டீர்கள். உன் தாய்மாமா அதைக் கஞ்சத்தனம் என்றார். உன் மனைவி வீட்டார் திமிர் என்றார்கள். நீ எதுவும் சொல்லவில்லை, சொல்லாமலே ஒப்புக்கொண்டாய். அடுத்த மாதம் உன் மனைவியின் பேறுகாலத்துக்கு அம்மாவைக் கிள்ளானுக்கு அழைத்துப்போக வருகிறாய். மூன்று மாதம் அவள் உன் வீட்டில் இருப்பாள், நீ கொடுப்பதைப் பசியாறுவாள். அதற்காகவும், கீழே சொல்லப்போகும் இன்னொன்றுக்காகவும் எழுதுகிறேன். அவள் இங்கே மலையிலேயே இருப்பதாக இருந்தால் இந்தக் கடிதம் உனக்கு இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. போனில் சொல்ல முடியாது. நீ கூப்பிட்டாலே அவள் ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள், உன் குரல் வீடு முழுக்கக் கேட்க வேண்டும் அவளுக்கு. அதனால் உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்குக் கொண்டுபோகாதே.

அம்மாவின் சிறுநீரகம் பாதிக்கும் மேல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று நீ வந்திருக்க வேண்டும். வருவதாகத்தான் சொன்னாய். பள்ளி விடுமுறை, கியா பார்ம் சந்தைப் பக்கம் கார்கள் நகரவே இல்லை என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போனாய். ஸ்ட்ராபெரி வாங்க வந்த வெளியூர்க்காரர்கள் எல்லாம் அந்த நெரிசலைக் கடந்து வந்துதான் சேர்ந்தார்கள். அதை விடு. பல வருடமாகக் கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பு செய்த வேலை என்றார் டாக்டர். பிறகு உணவு ஆலோசகர் ஒரு பெண், தாப்பாவைச் சேர்ந்தவள், உன் வயதுதான் இருக்கும், எங்களை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினாள். கெட்டுப்போன சிறுநீரகத்தால் பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் சரியாக வெளியே தள்ள முடியாது, அவை ரத்தத்தில் தங்கும், ஒன்று இதயத்தைத் தடுமாற வைக்கும், இன்னொன்று எலும்பை அரித்து ரத்தக் குழாயை இறுக்கும் என்றாள். அம்மா காலையில் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டாள். கேழ்வரகுக் கூழ், இல்லாவிட்டால் ஓட்ஸில் பால் ஊற்றி ஒரு வாழைப்பழம் என்றேன். நல்ல சாப்பாடு என்று பாராட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"நல்லதுதான் அங்கிள், யாரு இல்லன்னா? உங்களுக்கு நல்லது. எனக்கு நல்லது. ஆண்ட்டியோட கிட்னிக்குத்தான் இப்ப அது மூட்ட தூக்குற வேல" என்றாள்.

தானியத்தின் தோலிலும் தவிட்டிலும் முளையிலும்தான் அந்த உப்புகள் அதிகம். தோல் போன வெள்ளை அரிசியில் குறைவு. அதனால் ஊருக்கெல்லாம் ஆகாத வெள்ளை அரிசிக் கஞ்சி உன் அம்மாவுக்கு ஆகும் என்று சொன்னாள். சிறுநீரகக்காரர்கள் எல்லோருக்கும் இதே சட்டம் இல்லை என்பதையும் சொன்னாள். ரத்தத்தில் அளவு சரியாக இருப்பவர்கள் ஓட்ஸைத் தாராளமாகச் சாப்பிடலாம், அவர்களுக்கு அது நன்மைகூட. இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் கணக்கு மறுபடி மாறும். அம்மாவின் ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பரஸ் இரண்டுமே கூடி இருந்தன, அவள் விழுங்கும் கொதிப்பு மாத்திரையும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றக்கூடியது. அதனால் அவளுக்கு இப்படி. நான் அதை அப்படியே கேட்டுக்கொண்டேன். மறுநாளிலிருந்து நான்தான் கஞ்சி வைத்தேன். வெள்ளை அரிசிக் கஞ்சி, உப்பு இல்லாமல், தொட்டுக்கொள்ள வதக்கிய முட்டைக்கோஸ் கொஞ்சம். தோட்டத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போவதற்கு முன்னால் தன் அப்பா குடித்த கஞ்சி இதுதான் என்று முனகிக்கொண்டே அவளும் குடித்தாள். ரத்தத்தில் அளவு மெல்ல இறங்கியது.

அப்புறம் தீபாவளிக்கு நீ வந்தாய். சம்பந்தி வீட்டாரும் வந்தார்கள், உன் மாமாவும் வந்தார். உன் கல்யாண மேடையில் என் இடத்தில் நின்று தாம்பூலம் வாங்கிய அதே மாமா. அவர் அந்த வருடம்தான் ஈப்போவில் சத்துமாவு வியாபாரம் ஆரம்பித்திருந்தார், நீ அதற்குப் படம் எடுத்து விளம்பரம் செய்துகொண்டிருந்தாய். காலையில் எல்லோருக்கும் தோசை. அம்மா முன்னால் மட்டும் நான் வைத்த கஞ்சி. நீ அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

"என்னப்பா இது, ஆஸ்பத்திரில குடுக்குற மாதிரி? இந்த வெள்ளக் கஞ்சிய ஊத்தி ஊத்தியே அம்மாவ முடிச்சிருவீங்க போல. காசு வேணும்னா எங்கிட்ட கேக்கலாம்லா."

சம்பந்தியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். உன் மாமா சிரித்தார். "அத்தான் பழைய ஆளு தம்பி, மாத்த முடியாது" என்றார். நான் தேயிலைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் மேற்பார்வையாளன். பள்ளியில் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் வரை படித்து, தோட்டத்துப் பிள்ளைகளில் முதலாவதாகத் தேறியவன். எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டவனை எனக்கு மேலே ஏற்றிவிட்டபோதும் துரையிடம் குரல் உயர்த்தாதவன். உன்னிடமும் உயர்த்தவில்லை. ஆலோசகர் சொன்னதை அங்கேயே சொல்லியிருக்கலாம், சொல்லத் தோன்றவில்லை. என் வீட்டில், என் மேசையில், எனக்குப் பாடம் எடுக்க வந்தவனுக்கு விளக்கம் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. போகும்போது ஆறு டப்பா மாவு இறக்கிவைத்துவிட்டுப் போனாய். சிவப்பரிசி, கேழ்வரகு, கம்பு, கொள்ளு, சோயா, நிலக்கடலை, பாதாம், வாழைக்காய்ப் பொடி, பேரீச்சம்பழப் பொடி என்று டப்பாவின் பக்கவாட்டில் எழுதியிருந்தது. அந்தப் பெண் எங்களுக்கு வேண்டாம் என்று சொன்னவற்றை எல்லாம் யாரோ பொறுக்கி ஒரே டப்பாவில் அடைத்த மாதிரி இருந்தது.

உன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியும். நீ முதல் சம்பளத்தில் அனுப்பிய பிஸ்கட் டின்னையே சாமி மேடையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் திறந்தாள். இன்றைக்கும் உன்னிடமிருந்து எது வந்தாலும் முதலில் முருகன் படத்துக்கு முன்னால் போகும், ஒரு கற்பூரம் எரியும், பிறகுதான் அடுப்படிக்கு வரும். படைத்ததைத் தள்ளிவைக்கும் வழக்கம் இந்தத் தோட்ட லயத்து வரிசையில் எந்த வீட்டிலும் கிடையாது. என் கஞ்சியை நிறுத்திவிட்டாள். மாவைப் பாலில் காய்ச்சி, நீ சொன்னபடி, பெரிய குவளையில் குடித்தாள். ஒரு மாதம் ஆவதற்குள் காலில் பலம் இல்லை என்றாள். பிறகு ஒரு காலையில் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விட முடியவில்லை. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பொட்டாசியம் இதயத்தைத் தொட்டுவிட்டது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். உனக்கு நாங்கள் சொன்னது குளிரில் காய்ச்சல் என்று. சொல்லச் சொன்னவள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அமைதியாகத்தான் சொன்னேன், இந்த மாவுதான் காரணம், டாக்டரும் சொல்லிவிட்டார் என்று. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பினாள்.

"எம்மவன் எனக்கு வெசத்தையா அனுப்புவான்?"

விஷம் என்று சொல்லவில்லை, உன் உடம்புக்கு ஆகாது என்றுதான் சொல்கிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. "ஒங்களுக்கு அவன் மேல கோவம். அதான்" என்றாள். கோபம் இருந்தது உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு மற்ற உண்மையை எல்லாம் தள்ளிவிட்டாள். இரண்டு நாள் எதுவுமே சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் டப்பாவைத் திறக்கச் சொன்னாள். அப்போதுதான் புரிந்தது. அவளைப் பிழைக்க வைக்க வேண்டுமானால் மாவும் வேண்டும், மாவு இருக்கவும் கூடாது.

வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் டப்பாவில் இருந்த மாவைக் குப்பையில் கொட்டினேன். வெள்ளைப் பச்சரிசியைக் கழுவி நிழலில் உலர்த்தி வைத்திருந்தேன். அதை வெறும் சட்டியில் வறுத்தேன். இருபத்தைந்து வருடமாகத் தேயிலை நிறம் மாறுவதைப் பார்த்து இறக்கச் சொல்லிப் பழகிய கண் எனக்கு. உன் மாவின் நிறம் வரும்வரை பொறுத்திருந்து இறக்கினேன். மிக்ஸியில் அரைத்து, தூள் தேயிலை சலிக்கும் சல்லடையில் சலித்தேன். உன் மாமாவின் மாவு கொஞ்சம் நறநறவென்று இருக்கும், அதற்காக ஒரு பிடி ரவையை வறுத்துக் கலந்தேன். மணத்துக்கு ஏலக்காய். நாக்குக்குச் சந்தேகம் வராமல் இருக்க ஒரு சிட்டிகை கேழ்வரகு. கலப்பதற்கு முன்னால் அதையும் அந்த ஆலோசகர் பெண்ணிடம் கேட்டேன், ஒரு சிட்டிகையால் ஒன்றும் ஆகாது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பால் மட்டும் தடையாக இருந்தது, அதிலும் அந்த உப்புகள் உண்டு. பாலில் காய்ச்சினால் மாத்திரை வேலை செய்யாது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லி, தண்ணீருக்கு மாற்றினேன். கோயிலிலிருந்து வந்தவள் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள். "என்னங்க, பொரி வறுத்த வாசன?" என்று கேட்டாள். டீக்குப் பொரி தின்றேன் என்றேன். "எனக்கு மிச்சம் வைக்க மாட்டீங்களே" என்று சொல்லிவிட்டுத் திருநீறு பூசிவிட்டாள்.

ஒரு வருடத்துக்கு மேலாக உன் டப்பாவில் இருப்பது என் மாவு. நீ அனுப்புவது எல்லாம் படையலுக்குப் போகிறது, பிறகு குப்பைக்குப் போகிறது. அவள் ரத்தத்தில் அளவு இறங்கியது, கால் பலமானது, மேட்டு லயம் வரை ஏறி இறங்குகிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது அதைத்தான் நீ பார்த்தாய். பார்த்ததும் என்னிடம் திரும்பி, "பாத்தீங்களாப்பா, இதத்தான் சொன்னேன்" என்றாய். நான் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தேன். அம்மாவைச் சிவப்பு ஸ்வெட்டர் போடவைத்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நிற்கவைத்து, கையில் டப்பாவைக் கொடுத்து வீடியோ எடுத்தாய். எம்மவன் அனுப்புற மாவுதான், கிட்னி நல்லாருச்சு என்று அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். உன் மாமா அன்றைக்கே போன் செய்து, "இயற்கை இயற்கைதான் அத்தான்" என்றார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவள் சிரிப்பு பொய்யில்லை என்பதற்காகத் திறக்கவில்லை. உனக்குக் கிடைத்த கைத்தட்டல் என் சட்டியில் வறுபட்டது என்பது எனக்கு மட்டும் தெரியும் என்பதில் ஒரு கசப்பான சுகமும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

அது என் வீட்டோடு நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன். கம்போங் ராஜாவில் முனியாண்டி என்று ஒருவன் இருக்கிறான். காய்கறி லோரி ஓட்டுகிறவன். கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் நாட்களில் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி அவனுடையது, அவனுக்கும் அதே நோய். ஒரு தடவை, "அக்கா மாவு குடிச்சி ஓடவே ஆரம்பிச்சிட்டாங்க, நா மட்டும் லோரிலயே குந்திக்கெடக்கறதா?" என்று கேலி பேசினான். நான் அவனைத் தனியே கூப்பிட்டு, ஆலோசகரைக் கேட்காமல் எதையும் குடிக்காதே என்று சொன்னேன். அவன் என் பேச்சை ஏன் கேட்பான்? கண்ணுக்கு முன்னால் அக்கா நடக்கிறாள், போனில் வீடியோ ஓடுகிறது. உன் மாவை வாங்கினான். இரண்டு வேளை, பாலில், வாழைப்பழம் அரைத்துப் போட்டு. போன மாதம் லோரியை நிறுத்தி இறங்கியவன் கால் மடங்கி ரோட்டிலேயே விழுந்தான். நல்லவேளை, வண்டி நின்ற பிறகு விழுந்தான்.

வார்டில் போய்ப் பார்த்தேன். கையில் ஊசி, நெஞ்சில் ஒயர்கள். மாவை நிறுத்து, டாக்டரிடம் அந்த டப்பாவைக் காட்டு என்று சொன்னேன். ஏற்கெனவே காட்டிவிட்டான், டாக்டர் திட்டியும்விட்டார். அவனுக்கு உன் மேல் கோபம்கூட இல்லை.

"ஒங்க மவன் மேல தப்பு இல்லண்ணே. எனக்குத்தான் ஒத்துக்கல. ஆனா ஒண்ணுதான் புரியல. அதே மாவுதான், அக்காவுக்கு ஒத்துக்கிச்சே. எனக்கு மட்டும் ஏண்ணே ஒத்துக்கல?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன். பிரிஞ்சாங் பஸ்ஸுக்கு நின்றபோது முடிவு செய்தேன், இதை நீதான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று.

இனி கேள். கிள்ளானில் அம்மாவுக்கு உன் வீட்டு மாவு ஒரு கரண்டிகூட உள்ளே போகக் கூடாது. டப்பா மட்டும் இருக்கட்டும். அதில் என்ன போட வேண்டும், எப்படி வறுக்க வேண்டும் என்று மேலே எழுதிவிட்டேன். உனக்கு நிறம் பார்க்கத் தெரியாது, கருகவிடாதே. இடியாப்பம் கொடுக்கலாம், மேலே தேங்காய்ப்பூ கொஞ்சமாக. இட்லி இரண்டு, சாம்பாரை அதில் குளிப்பாட்டாமல். வெள்ளை ரொட்டி என்றால் உப்புக் குறைந்ததாகப் பார். கடையில் கார்ன்ஃபிளேக்ஸ் என்று விற்கும் சோளப்பொரி டப்பாவில்கூட உப்பு ஏராளம், பாஸ்பேட் என்று முடியும் பெயர்களைச் சேர்த்திருப்பார்கள். அப்படிச் சேர்த்த பாஸ்பரஸ் தானியத்தில் இயல்பாக இருப்பதைவிடச் சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுப் படி. திராட்சை, கொட்டை, சாக்லேட் கலந்தவை பக்கம் போகாதே. கடைக்குக் கூட்டிப்போனால் மால்ட் பானம் ஆர்டர் செய்யாதே, அவள் கேட்பாள், கேட்டாலும். ஓட்ஸ் வேண்டும் என்று அடம்பிடித்தால் சாதாரண ஓட்ஸ், சின்னக் கிண்ணம், தண்ணீரில், என்றைக்காவது ஒரு நாள். அதையும் ரத்தம் நன்றாக இருக்கும்போது, அங்கே இருக்கும் ஆலோசகரைக் கேட்டுவிட்டு. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. இன்றைக்கு ஆகும் என்றது ஆறு மாதத்தில் ஆகாது என்று மாறலாம், ஆகாது என்றது ஆகும் என்றும் மாறலாம். நான் சொன்னேன் என்பதற்காகச் செய்யாதே. ரத்தம் சொல்வதைக் கேள்.

அந்த வீடியோவை இன்றைக்கே எடுத்துவிடு. எடுத்துவிட்டு, சிறுநீரகக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த மாவைக் குடிக்க வேண்டாம் என்று நீயே எழுது. உன் மாமாவுக்கு வருத்தமாக இருக்கும். இருக்கட்டும், நான் பழகிவிட்டேன், அவரும் பழகட்டும். முனியாண்டியை நீ நேரில் போய்ப் பார்த்துப் பதில் சொல். அவன் கேட்டது உன்னைத்தான், நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எம்மவன் குடுத்த மாவுதான் என்னைக் காப்பாத்துச்சு என்று அவள் சொல்வாள். நீ அப்போது முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திரு. நான் அப்படி உட்கார்ந்து பார்த்தவன், முடியும்.

கடைசியில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். அன்புள்ள அப்பா என்று எழுத வேண்டிய அன்பு இப்போது என் கையில் இல்லை. வெறுமனே அப்பா என்று எழுதினால் நீ மாவை மறந்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருவாய். அவள் இத்தனை காலை பசியாறியது என் பெயர் போடாத மாவுதான், அது அவள் உடம்பில் ஒட்டத்தான் செய்தது. இந்தக் கடிதமும் அப்படியே போகட்டும். நாளைக்குப் பிரிஞ்சாங் தபால் நிலையத்தில் கையெழுத்து இல்லாமல் போட்டுவிடுகிறேன்.